நாடா கைப்பிடியான கதை: குடியாத்தம் வீடு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

எங்கள் வீட்டுக் கூடத்து அலமாரியைத் திறக்க வேண்டுமென்றால் நெசவு நாடாவைப் பிடித்து இழுக்க வேண்டும். தறியில் குறுக்குநூலைக் கொண்டு பாயும் மரக்கட்டைதான் நாடா; அப்பா 30 ஆண்டுகளுக்கு மேல் வலமும் இடமுமாக ஓடவிட்டது அது. நூல் சுற்றிய தார் உட்காரும் நடுக்குழியில் இப்போது எங்கள் விரல் நுனிகள் உட்காருகின்றன. வருகிறவர்கள் எல்லோரும் முதலில் அதைத்தான் தொட்டுப் பார்க்கிறார்கள். "இது எங்கே வாங்கினது?" என்ற கேள்விக்கு அம்மா சொல்லும் பதில்: "வாங்கவில்லை, ஓடினது."

கடையில் வாங்கும் கைப்பிடி, திரைக்கம்பி, விளக்குக் கவிகை, வாஷ்பேசின் ஆகியவற்றுக்குப் பதிலாக வீட்டில் கிடந்தவற்றையும் பக்கத்து ஊர்களில் கிடைத்தவற்றையும் கொண்டு நாங்களே செய்து பொருத்தியதன் விவரம் இது. இப்படிச் செய்த பொருள்களின் படங்களில் முடிந்த பொருள்தான் தெரியும். பொருத்திய ஆறாவது மாதம் அது என்ன ஆயிற்று, எது கழன்று விழுந்தது, எதை யார் எதிர்த்தார்கள் என்பதெல்லாம் தெரியாது. 2022 பிப்ரவரியில் வேலையைத் தொடங்கினோம். இரண்டு ஆண்டுக்கு மேல் அந்தப் பொருள்களோடு புழங்கிய பிறகு இதை எழுதுகிறேன். பயன்படுத்திப் பார்க்காமல் எழுதியிருந்தால் பாதி பொய்யாகியிருக்கும்.

வீடும் தறியும்

பத்திரத்தில் இன்னும் 'வட ஆர்க்காடு மாவட்டம்' என்றிருக்கும் வீடு. 1989இல் வட ஆர்க்காடு பிரிந்தது. 2019இல் வேலூரும் மூன்றாகப் பிரிந்தது. குடியாத்தம் வேலூரோடு நின்றுவிட்டது. கைலிக்கும் தீப்பெட்டிக்கும் பேர் போன ஊர். எங்கள் வீட்டில் இருந்தது குழித்தறி. தரையில் தோண்டிய குழிக்குள் காலை விட்டு மிதியை மிதிக்க வேண்டும். அப்பாவுக்கு முழங்கால் ஒத்துழைக்காமல் போனதும் தறி நின்றது. அவர் காலமான பிறகும் நான்கு ஆண்டுகள் அப்படியே தூசி படிந்து கிடந்தது.

2021 நவம்பர் மழையில் கவுண்டன்யா ஆற்றில் வெள்ளம் வந்தபோது எங்கள் தெருவுக்குள் தண்ணீர் வரவில்லை. ஆனால் சுண்ணாம்புக் காரை வைத்துக் கட்டிய பழைய செங்கல் சுவர்கள் ஈரத்தைக் குடித்துக்கொண்டன. தறிக்குழியில் ஊற்று கசிந்தது. குழியை மூடாமல் வழியில்லை என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். தறியைப் பிரித்தபோது, மரத்தை எடுத்துக்கொள்ள வந்தவர் விறகு விலை சொன்னார். அம்மா அவருக்குத் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்து, மரியாதையாகத் திருப்பி அனுப்பிவிட்டார். எல்லாம் அங்கே தொடங்கியது. அழகுக்காகத் தொடங்கவில்லை, விறகாக விட மனம் வரவில்லை.

நாடா

வீட்டில் ஏழு நாடாக்கள் இருந்தன. விசைத்தறி நாடா இல்லை. கயிற்றை இழுத்தால் பெட்டியிலிருந்து பாயும் கைத்தறி நாடா. இரு முனையிலும் கூரான உலோகக் குப்பி, நடுவில் நீளவாக்கில் குழி, பக்கவாட்டில் நூல் வெளியேறும் துளை. சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன்: ஒன்று 340 கிராம். வாங்குகிற அலமாரிக் கைப்பிடி பொதுவாக அவ்வளவு கனம் இருக்காது.

முதல் தவறு திருகாணியில் நேர்ந்தது. முன்பக்கமிருந்து மரத்திருகாணியை நேராக இறக்கினேன். காய்ந்து இறுகிய பழைய மரம்; இழையோட்டத்தை ஒட்டி டப்பென்று பிளந்தது. ஒரு நாடா போயிற்று. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அந்த இரண்டு துண்டையும் எடுத்துப் பூசை அறையில் வைத்தார். நான் அன்று மேற்கொண்டு எதையும் தொடவில்லை.

மறுநாள் ஆசாரி வந்து முறையைக் காட்டினார். முதலில் மெல்லிய துளை. பிறகு போல்ட் தடிப்புக்கு ஒரு நூல் (அரைக்கால் அங்குலம்) கூடுதலாக அகலத் துளை. கதவின் உட்பக்கமிருந்து போல்ட் நுழைந்து நாடாவுக்குள் வந்து நிற்க வேண்டும். உட்பக்கம் அகல வாஷர். நாடாவுக்கும் கதவுக்கும் இடையே ஓர் அங்குல உயரப் பித்தளைக் குழாய்த்துண்டு. இல்லாவிட்டால் விரல் போகாது. நட்டை நாடாவின் குழிக்குள்ளேயே முடுக்கினோம். வெளியே ஒரு திருகாணித் தலைகூடத் தெரியவில்லை.

இரண்டாவது தவறுதான் பெரியது. நாடாக்களைப் படுக்கைவாக்கில் பொருத்தியிருந்தேன். பார்க்க அழகாக இருந்தது, தறியில் ஓடுவது போலவே இருந்தது. முதல் வாரமே அண்ணியின் சேலை முனைக் குப்பியில் மாட்டிக் கிழிந்தது. "சேலை போனால் போகட்டும் தம்பி, குழந்தை ஓடுகிற இடம், முகத்தில் குத்திவிடப் போகிறது" என்றார் அண்ணி. அவர் சொன்ன பத்தாம் நாள் அண்ணன் மகள் ஓடிவந்து மோதினாள். புருவத்துக்கு அரை அங்குலம் மேலே கீறல். கூர்மையான குப்பி சரியாகக் குழந்தையின் முக உயரத்தில் இருந்தது என்பதை அதன் பிறகுதான் அளந்து பார்த்தேன்.

அன்று மாலையே ஆறு நாடாக்களையும் கழற்றினேன். குப்பிகளைப் பிடுங்கிவிட்டு, அந்த இடத்தில் பாத்திரக்கடைத் தெருவில் செய்யச் சொன்ன மழுங்கிய பித்தளை மூடிகளைப் பொருத்தினோம். நாடாவைச் செங்குத்தாகத் திருப்பினோம். செங்குத்தாக இருந்தால் நடந்துபோகிறவர் மீது முனை நீட்டிக்கொண்டிராது. இப்போது தறி நினைவு கொஞ்சம் குறைந்திருக்கிறது. அலமாரி முன்னால் குழந்தைகள் பயமில்லாமல் ஓடுகிறார்கள். எனக்கு இந்தப் பேரத்தில் வருத்தமே இல்லை.

மேற்பூச்சுக்கு ஆளிவிதை எண்ணெய் தடவினோம். இதில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எண்ணெய் துடைத்த பழந்துணியைச் சுருட்டி மூலையில் போடக் கூடாது. அந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து காயும்போது சூடு உண்டாகிறது. சுருண்ட துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகத் தீப்பிடிக்கும். துணியை விரித்துக் கொடியில் காயப்போட வேண்டும், அல்லது தண்ணீரில் முக்கி வைக்க வேண்டும். வேலூர் வெயிலில் இந்த எச்சரிக்கையை யாரும் அலட்சியம் செய்யக் கூடாது.

படமரம் விழுந்த இரவு

நெய்த துணி சுற்றிக்கொள்ளும் படமரத்தைக் கூடத்துச் சன்னலுக்குத் திரைக்கட்டையாக மாட்டினோம். ஐந்தடி நீளம், ஏழு கிலோவுக்கு மேல் எடை. இரும்புக் கடைசல்காரரிடம் இரண்டு தாங்கிகள் செய்து, சுவரில் பிளாஸ்டிக் பிளக் இறக்கித் திருகினோம். பதினெட்டு நாள் நின்றது. ஒரு நாள் இரவு இரண்டு மணிக்கு இடி விழுந்தது போல் சத்தம். திரையோடு சேர்ந்து மரம் தரையில் கிடந்தது. அந்த இடத்தில்தான் பகலில் அம்மா உட்கார்ந்து கீரை ஆய்வார்.

காரணம் சுவரில் இருந்தது. துளை செங்கல்லில் விழாமல், செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் நடுவேயுள்ள சுண்ணாம்புக் காரையில் விழுந்திருந்தது. மழை ஈரம் குடித்து இளகிய காரை, விரலால் சுரண்டினாலே உதிர்ந்தது. பிளக் பிடித்துக்கொள்ள அங்கே எதுவுமில்லை. பழைய வீட்டுச் சுவரில் துளையிடுகிறவர்கள் வெளிவரும் தூளின் நிறத்தைப் பார்க்க வேண்டும். செங்கல் தூள் சிவப்பாக வரும். காரை வெளுப்பாக, பொடியாகக் கொட்டும். வெளுப்பு வந்தால் அந்தத் துளையை விட்டுவிட்டு இரண்டு அங்குலம் மேலோ கீழோ நகர வேண்டும். தட்டிப் பார்த்து உள்ளே பொள்ளலாகக் கேட்டால் அந்தப் பூச்சையே நம்பக் கூடாது.

மேஸ்திரி சுவரை ஆறு அங்குல ஆழத்துக்குக் குடைந்து, தாங்கியின் வாலை இரண்டாகப் பிளந்து விரித்து, கான்கிரீட் போட்டுப் புதைத்தார். ஏழு நாள் நீர் விட்டு ஆற்றிய பிறகுதான் மரத்தை ஏற்றினோம். அதில் இப்போது நானே தொங்கிப் பார்த்திருக்கிறேன். மரத்தில் ஓரிடத்தில் ஊசித் துளைகளும் மாவு போன்ற உதிர்வும் தெரிந்தன, உளுப்பான் பூச்சி. வெண்காரம் மூன்று பங்கு, போரிக் அமிலம் இரண்டு பங்கு என்ற கணக்கில் வெந்நீரில் கரைத்துத் தூரிகையால் இரண்டு முறை ஊட்டினோம். எண்ணெய் தடவுவதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும். எண்ணெய் ஏறிய மரம் நீர்க்கரைசலை உள்ளே விடாது.

இந்த விபத்துக்குப் பிறகுதான் எங்களுக்கு ஒரு விதி பிடிபட்டது. அண்ணன் அதைச் சமையலறைச் சுவரில் சுண்ணாம்புக்கட்டியால் எழுதியே வைத்தார்: தாங்குவது வேறு, தெரிவது வேறு. எடையைத் தாங்குவது, மின்சாரத்தைக் கொண்டுபோவது, தண்ணீரை அடைப்பது ஆகிய மூன்று வேலைகளுக்கும் முறையாகச் செய்து முத்திரையிட்ட பொருள், அல்லது தொழில் தெரிந்தவர் கை. கண்ணுக்குத் தெரிவதும் கை தொடுவதும் நம் இஷ்டம். அதன்பின் செய்த ஒவ்வொன்றையும் இந்தக் கோட்டின் எந்தப் பக்கம் என்று கேட்ட பிறகே தொட்டோம்.

பானை விளக்கு

ஒரு குயவர் வீட்டுக்குப் போய் நான்கு சிறு பானைகள் வேண்டுமென்றேன். "வாங்கிக்கொண்டு போய் நீங்களே துளை போடப் போகிறீர்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றதும் சிரித்தார். சுட்ட பானையில் துளையிட்டால் பாதி உடையும். துளையைப் பச்சை மண்ணிலேயே போட வேண்டும், அதுவும் பதம் பார்த்து. சக்கரத்திலிருந்து அறுத்து எடுத்தவுடன் போட்டால் பானை அமுங்கிவிடும். முழுவதும் காய்ந்தால் விரிசல் ஓடும். ஒரு நாள் நிழலில் கிடந்து, கட்டைவிரலால் அழுத்தினால் பள்ளம் விழாமல் ரேகை மட்டும் பதியும் பதம் ஒன்று உண்டு. அந்தப் பதத்தில் சைக்கிள் சக்கரக் கம்பியைத் தீட்டிக் குத்தினால் வெண்ணெயில் இறங்குவது போல் இறங்குகிறது. அவர் இரண்டு வரிசை போட்டுக் காட்ட, மீதியை நான் குத்தினேன். ஒரு பானைக்கு முக்கால் மணி நேரம். துளையின் உட்புறம் தள்ளி நிற்கும் பிசிறை அப்போதே துடைக்காமல், நன்றாக உலர்ந்த பிறகு விரலால் உதிர்க்க வேண்டும் என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும்.

கழுத்தில் ஹோல்டருக்கான துளையை ஹோல்டர் அளவுக்கே வெட்டியிருந்தேன். "மண் ஒடுங்கும், பெரிதாக வெட்டுங்கள்" என்று அவர் சொன்னதை நான் போதிய அளவு கேட்கவில்லை. உலர்ந்து, சூளையில் வெந்து வரும்போது களிமண் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சுருங்கிவிடுகிறது. நான்கிலும் ஹோல்டர் நுழையவில்லை. உப்புத்தாளால் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தேய்த்தேன். அதில் ஒன்றின் விளிம்பு பெயர்ந்தது.

முதல் நாள் விளக்கைப் போட்டபோது ஏமாற்றமாக இருந்தது. செம்மண் ஒளியை விழுங்கிவிட்டது. துளைகள் மட்டும் மினுங்கின. அம்மாதான் வழி சொன்னார்: "உள்ளே சுண்ணாம்பு அடித்துப் பார்." நீர்த்த சுண்ணாம்பை ஊற்றிச் சுழற்றி வடித்துக் காயவைத்தோம். அன்று இரவு சுவர் முழுவதும் புள்ளிகள் விழுந்தன. மின்விசிறிக் காற்றில் பானை அசைய, புள்ளிகளும் கூடம் முழுக்க நீந்தின. அண்ணன் மகள் அவற்றைப் பிடிக்க எழும்பி எழும்பிக் குதித்தாள்.

விதிக்கு வருகிறேன். பானையின் எடையை ஒயர் தாங்கக் கூடாது. கூரைக் கொக்கியிலிருந்து சங்கிலி, சங்கிலியில் பானை, ஒயர் தளர்வாகச் சங்கிலியோடு கூடவே இறங்க வேண்டும். சுட்ட மண்ணின் விளிம்பு அரம் போன்றது. ஒயர் அதில் உரசினால் உறை தேயும். அங்கே ரப்பர் வளையம் கட்டாயம். ஹோல்டரும் ஒயரும் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளவை, இணைப்பை எலக்ட்ரீஷியன்தான் கொடுத்தார். விளக்கு 9 வாட் எல்.இ.டி. பழைய 60 வாட் குண்டு பல்பை மூடிய பானைக்குள் போட்டால் ஹோல்டர் கருகும். எல்.இ.டி.யும் சூடாகவே செய்யும். அதன் சூடு கண்ணாடியில் இல்லை, கழுத்தில் இருக்கிறது. அந்தச் சூடு மேலே போக வழியில்லாவிட்டால் ஆயுள் குறையும். கழுத்தைச் சுற்றி எட்டுத் துளைகள் கூடுதலாக விட்ட இரண்டு பானைகளில் முதலில் போட்ட பல்பே இன்னும் எரிகிறது. துளை விடாத ஒன்றில் ஓராண்டுக்குள் பல்பை மாற்றினோம்.

ஆட்டுக்கல்

இதில் வீடே இரண்டாகப் பிரிந்தது. கிரைண்டர் வந்த நாளிலிருந்து பின்கட்டில் கிடந்த ஆட்டுக்கல்லை வாஷ்பேசின் ஆக்கலாம் என்றார் அண்ணன். குழி ஏற்கெனவே இருக்கிறது, அடியில் ஒரு துளை போட்டால் முடிந்தது. அம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தார். "இத்தனை பேர் சாப்பிட மாவரைத்த கல். அதில் வாய் கொப்பளித்துத் துப்புவார்களா?"

யாரிடமும் பதில் இல்லை. அம்மா சொன்னதில் நியாயம் இருந்தது. அதைப் பழைய நம்பிக்கை என்று ஒதுக்க எனக்கு மனம் இல்லை. கல்லைப் புதைக்கவும் இல்லை, விற்கவும் இல்லை. மூன்று வாரம் பேச்சே எழவில்லை. பிறகு அம்மாவே முடிவு சொன்னார்: தாழ்வாரத்தில் வைக்கலாம், வெளியே போய் வருகிறவர்கள் கை கழுவலாம், சாப்பிட உட்காருமுன் கை கழுவலாம். பல் துலக்குவதும் எச்சில் கை கழுவுவதும் பின்கட்டுக் குழாயில். இரண்டு ஆண்டாக இந்த எல்லையை ஒருவரும் மீறவில்லை. சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

குழியின் அடியில் கல் நான்கரை அங்குலத் தடிப்பு இருந்தது. கல் அறுக்கும் பட்டறையிலிருந்து ஒருவர் வந்து, வைரத்தூள் பதித்த கோர் பிட்டால் (வட்டமாகக் குடையும் குழல் முனை), விடாமல் தண்ணீர் ஊற்றிக்கொண்டே ஒன்றரை மணி நேரம் குடைந்தார். தண்ணீர் நின்றால் பிட் கருகும், கல்லும் வெடிக்கும். துளை விழுந்த பிறகுதான் அடுத்த சிக்கல் தெரிந்தது: தொட்டித் துளையில் மாட்டும் வடிகால் இணைப்பான சாதாரண வேஸ்ட் கப்ளிங் பீங்கான் தொட்டியின் தடிப்புக்குச் செய்தது, இந்தக் கல்லின் மறுபக்கம் எட்டிப் பார்க்கவே இல்லை. கல்லைக் கவிழ்த்து, அடிப்பக்கமிருந்து துளையைச் சுற்றி இரண்டு அங்குல ஆழத்துக்கு அகலக் குடைந்து, நட் முடுக்க இடம் உண்டாக்கினார். கல் தடிப்பை முதலிலேயே அளந்திருந்தால் ஒரே நாளில் முடிந்திருக்கும். கீழே பாட்டில் டிராப் என்னும் புட்டி வடிவ வடிகால் பாகம். அதன் அடிக்கிண்ணத்தில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்பதால்தான் சாக்கடை நாற்றமும் கரப்பானும் மேலே வருவதில்லை. அதை விட்டுவிட்டு நேராகக் குழாய் இழுக்கச் சொன்ன யோசனையை ஏற்கவில்லை.

நான்கு பேர் சேர்ந்து செங்கல் மேடையில் ஏற்றினோம். ஆட்டுக்கல் குழி ஒடுக்கமானது, ஆழமானது. குழாயை முழுக்கத் திறந்தால் தண்ணீர் முகத்துக்கே திரும்பி வருகிறது. குழாயின் வாயைக் குழியின் சரிவை நோக்கிச் சாய்த்துக் கட்டிய பிறகு சரியாயிற்று. கொத்திய கல் என்பதால் சோப்புக் கசடு புள்ளிக் குழிகளில் தங்குகிறது. "அம்மி கொத்தலையா, ஆட்டுக்கல் கொத்தலையா" என்று தெருவில் கூவிக்கொண்டு வந்தவர்கள் உளியால் பதித்த தடங்கள் அவை. மெருகேற்றி அழிக்க மனமில்லை. எங்கள் போர் தண்ணீர் உப்புத் தண்ணீர். மாதம் ஒரு முறை வெள்ளை வளையம் கட்டும். எலுமிச்சைத் தோலும் தேங்காய் நாரும் போதும். கழிப்பறைக்கு ஊற்றும் அமிலத்தை அருகில் கொண்டுபோனதில்லை.

மற்றவை

இழுப்பறைகளுக்குத் தோல் பட்டை போட்டோம். தோல் தொழில் ஊர்களான பேரணாம்பட்டும் ஆம்பூரும் பக்கத்திலேயே இருக்கும்போது வெட்டுத் துண்டுகளுக்குப் பஞ்சமில்லை. வெட்டிய ஓரத்தைப் பார்த்து வாங்க வேண்டும்: உள்ளே நீலச் சாம்பல் நிறம் தெரிந்தால் குரோமியத்தில் பதனிட்டது, மெத்தென்று இருக்கும், ஆனால் இழுக்க இழுக்க நீளும். ஓரம் முழுவதும் பழுப்பாக இருந்தால் மரப்பட்டையில் பதனிட்டது. ஆவாரம் பட்டையில் பதனிடுவது நம் பக்கத்துப் பழைய தொழில். அது கெட்டியாக நிற்கிறது, கை பட்டுப் பட்டுக் கறுத்து மெருகேறுகிறது. ஐப்பசி மழையில் ஒரு முறை பூஞ்சை பூத்தது. துடைத்துக் காற்றாட விட்டதும் போயிற்று. எண்ணெய்க் கை படும் அடுப்படி இழுப்பறைக்கு மட்டும் தோல் ஆகவில்லை. அங்கே கடைக் கைப்பிடியே இருக்கிறது.

முழுத் தோல்வி ஒன்று உண்டு. அப்பா கடைசியாக நெய்த கைலித் துண்டைச் சுவிட்ச் பலகைமீது பசை போட்டு ஒட்டினேன். பானை விளக்குக்கு இணைப்புக் கொடுக்க வந்த எலக்ட்ரீஷியன் அதைப் பார்த்துவிட்டு, "அண்ணா, முதலில் இதை எடுங்கள், பிறகுதான் மற்ற வேலை" என்று நின்றுவிட்டார். தளர்ந்த இணைப்பில் பொறி வந்தால் துணியும் பசையும் உடனே பற்றும். பலகைத் திருகாணிகளும் மறைந்துவிட்டதால் அவசரத்துக்குத் திறக்கவும் முடியாது. அப்போதே உரித்தேன். துணி கிழிந்தது. மீந்ததைச் சட்டமிட்டுச் சுவரில், சுவிட்சுக்கு எட்டாத தூரத்தில் மாட்டியிருக்கிறோம்.

செலவில் பெரும்பங்கு கல்லுக்கும் சுவரில் புதைத்த தாங்கிகளுக்கும் போயிற்று. மொத்தம் 11,400 ரூபாய். அதில் நான் செய்த தவறுகளைத் திருத்த ஆனது மட்டும் ஏறக்குறைய 3,000. நாடாவுக்கும் படமரத்துக்கும் விலை போடவில்லை.

இந்த ஆண்டு வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு உறவுக்காரர்கள் அறுபது பேருக்கு மேல் வந்தார்கள். சிரசு ஊர்வலம் பார்த்துவிட்டு வந்தவர்கள் அத்தனை பேரும் தாழ்வாரத்து ஆட்டுக்கல்லில்தான் கை கழுவினார்கள். மாலைக்குள் தண்ணீர் மெதுவாக இறங்கத் தொடங்கியது. இரவு எல்லோரும் படுத்த பிறகு பாட்டில் டிராப்பைக் கழற்றினேன். குங்குமமும் மஞ்சளும் பூ இதழ்களும் ஒரு கைப்பிடி இருந்தன. கழுவி மாட்ட ஐந்து நிமிடம் ஆயிற்று. அம்மா விளக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.